பாரத்துக்குப் பதினொரு பூசணி

அன்று புறப்பட்டவர்கள்: மோட்டார் சைக்கிள் ஓட்ட ஆட்டுக்கிடா, பக்கப்பெட்டியில் உட்கார வெள்ளைக்கோழி, கோழி லேசு என்பதால் பாரத்துக்குப் பூசணிக்காய் பதினொன்று.

"இதில் குறைந்தால் இடது வளைவில் பெட்டி தூக்கிக்கொள்ளும்" என்று சொல்லி, கிடா கோழியைச் சுற்றிப் பூசணிகளை அடுக்கியது. "மலையும் கடலும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். நடுவில் எங்கும் நிறுத்த மாட்டேன்."

கோழி பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. இப்போதோ பூசணியைத் தவிர எதுவுமே தெரியவில்லை.

"என்ன தெரியுது மாமா?"

"மலை."

"எப்படிப்பட்ட மலை?"

"மலை மாதிரி மலை. பேசாம வாடி, நான் ரோட்டைப் பார்க்கணும்."

கடலும் இப்படியே போய்விடுமோ என்று கோழிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க ஒரு பூசணியை மெல்ல வெளியே தள்ளியது. மூடுபனிக்கு இரண்டு. அருவி கொஞ்சம் அகலமாக இருந்ததால் அதற்கு நான்கு.

அடுத்து வந்தது இடது வளைவு. பெட்டி விருட்டென்று மேலே எழும்பியது.

"அடியே, எங்கே இருக்கே?" என்று கிடா அலறியது.

"உசரத்துல இருக்கேன் மாமா! கடல் தெரியுது!"

"எப்படி இருக்கு?"

"கடல் மாதிரி கடல்!"

வளைவு முடிந்ததும் பெட்டி தொப்பென்று தரைக்கு வந்தது. கிடா வேகத்தைக் குறைத்தது. பிறகு வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டே கேட்டது: "அது எந்தப் பக்கம்?"

உட்கார்ந்து பார்க்க ஆளுக்கொரு பூசணியை இறக்கிப் போட்டுக்கொண்டன. பெட்டியில் மீதி இரண்டு.