ஐந்தாவது புள்ளி

ஆன்லைன் மீட்டிங்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய வரைபடச் செயலி ஒன்றை இசைவாணி உருவாக்கியிருந்தாள். பட்டாசு ஆலையின் ஒவ்வோர் அறையிலும் இருக்கும் ஆட்கள் அதில் புள்ளிகளாகத் தெரிவார்கள். இன்று அதை வைத்துத் தீ விபத்து ஒத்திகை; அவள் வீட்டிலிருந்தே இணைந்திருந்தாள். முதலாளிக்குப் பிடித்துவிட்டால் ஆர்டர் அவளுக்கு.

"ஆறாம் ரூம் மட்டும் ஏன் தாயி செவப்பா இருக்கு?" ஏழாயிரம்பண்ணை ஆலையிலிருந்து மேனேஜர் முனியராஜ் கேட்டார்.

"சட்டப்படி ஒரு ரூம்ல நாலு பேருதான், மேல போனா செவக்கும் அண்ணாச்சி. போர்மேன் அஞ்சு புள்ளி வச்சிருக்காக."

"சீசன்ல அப்படித்தான். மொதலாளி இப்ப மீட்டிங்குக்கு வந்துருவாக. ஒண்ண அழிச்சிரு."

"அது ஆளுல்லா அண்ணாச்சி?"

"தினக்கூலிக்கு வந்த பொம்பள. ஒனக்குத் தெரியாததா? ஒங்கம்மாவும் பாத்த வேலைதான?"

"அதையெல்லாம் நிப்பாட்டியாச்சு. இப்ப விருதுநகர் மிளகா மண்டிக்குப் போறாக."

சொல்லிக்கொண்டே ஒரு புள்ளியை அழித்தாள். அறை பச்சையானது. முனியராஜ் போர்மேன் காதில் ஏதோ சொல்லி ஆறாம் அறைப் பக்கம் அனுப்பினார்.

ஆலைச் சங்கு ஊதியது. வெளியே ஓடிவந்தவர்களின் புள்ளிகளைப் போர்மேன் தன் போனிலிருந்தே வாசலுக்கு நகர்த்தினார். 'ஆறாம் அறை காலி' என்றது திரை. முதலாளி கைதட்டினார்.

"கதவச் சாத்துலே," என்றார் முனியராஜ் போர்மேனிடம்.

சாத்திய ஆறாம் அறைக் கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது.

"அண்ணாச்சி, படம் புடிச்சு முடிஞ்சதா? நா ஒளிஞ்சது போதுமா, வெளிய வரலாமா?"

இசைவாணி ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினாள்.

காலையில் மிளகாய் மண்டிக்கென்று சொல்லிப் போன அம்மாவின் குரல்.