அபின் உருண்டை

ஒல்லாந்தர் கோட்டைக்குப் பின்னால் வெயில் ஏறுகிறது. இன்று ஏரியில் வலை போடும் பாடு பொன்னுரங்கத்துக்கு. உடனே வலை போடாவிட்டால் அவன் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். அவனோ குடிசைக்குள் சாய்ந்தபடி, கோட்டை ஆட்களிடம் வாங்கிய அபினை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருக்கிறான். இருபது வயதுக் கையில் அத்தனை பதம். என் கூந்தலைக்கூட இவ்வளவு மெல்லத் தொட்டதில்லையே என்று அவன் மனைவி அங்காளம்மாளுக்கு நெஞ்சு எரிகிறது. கரையிலிருந்து அவன் அண்ணன் கத்துகிறான்: "இன்னாடா, மாமியார் வூட்டு விருந்தா? நம்ம பாடு போவுதுடா!" பொன்னுரங்கம் அசையவில்லை. அவள் பாய்ந்து உருண்டையைப் பிடுங்கிக் கையை மூடிக்கொள்கிறாள். "எழுந்து போறியா, ஏரியில வீசட்டுமா?" அவன் தலை நிமிர்கிறது. "அங்கா... என் கண்ணுல்ல, குடுத்துடு." அவன் வாயால் அந்தப் பெயரைக் கேட்டு எட்டு மாதமாகிறது. அவன் கண்கள் கலங்கி, இமைக்காமல் கெஞ்சுகின்றன. கல்யாணமான புதிதில் பார்த்த அதே பார்வை. அது தன் கைக்குத்தான், தனக்கில்லை என்று அவளுக்குத் தெரியும். வெளியே வேறொருவன் வலை தண்ணீரில் விழும் சத்தம் கேட்கிறது. அவள் உருண்டையை வீசவில்லை, கொடுக்கவுமில்லை. அவன் பார்வை கூடவே ஏறிவர, மூடிய கையை மெல்ல உயர்த்தித் தன் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொள்கிறாள்.