சிம்சோனுக்கு ஓர் இடம்

"சிம்சோன் எப்படிச் செத்தான்? யாராவது சொல்லுங்க" என்று ராஜமாணிக்கம் சார் சபைக் கமிட்டியைக் கேட்டார்.

போதகர் வீட்டு முன்னறையில்தான் கூட்டம். சாரின் ஒரே மகன் அரசு ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தான். சாயங்காலம் கொடுத்துவிடுவார்கள். கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டத்தில் தேரடித் தெரு அடைபட்டுக் கிடந்ததால் வண்டி கொஞ்சம் தாமதமாகலாம், அவ்வளவுதான். அதற்குள் குழியை எங்கே வெட்டுவது என்று சொல்லியாக வேண்டும்.

கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு உள்ளேயா, வெளியேயா? பையன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவன்.

வேறு ஊராக இருந்தால் போதகரே முடிவு சொல்லியிருப்பார். இங்கே போதகர் புதியவர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் பழையவராக இருந்தாலும் சார்தான் சொல்ல வேண்டும். அது இந்தச் சபையின் வழக்கம்.

கண்ணை மூடிக்கொண்டு விசுவாசிக்கிறவனைச் சாருக்குப் பிடிக்காது. மூளையைக் கொடுத்தவரும் கடவுள்தானே, அதை ஆணியில் மாட்டிவிட்டா கோயிலுக்கு வருகிறாய் என்று கேட்பார். பள்ளிக்கூடக் கரும்பலகையில் நோவாவின் பேழைக்கு முழக்கணக்குப் போட்டு, யானை எந்தத் தட்டில் நின்றிருக்கும் என்றுகூடக் காட்டியவர். உள்ளூர் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவரோடு வாதம் பண்ண வந்து, இரண்டு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போனார். அதில் சபைக்குத் தலைகால் புரியாத பெருமை.

மதில் விஷயத்திலும் சட்டம் அவர் போட்டதுதான்.

எமர்ஜென்சி வருஷத்தில் சபைப் பெண் ஒருத்தி கிணற்றில் விழுந்தாள். பாடகர் குழுவில் பாடியவள். அப்போதிருந்த போதகர் வயதானவர், எப்படியாவது உள்ளே வைத்துவிடலாம் என்று கெஞ்சினார். சார் விடவில்லை. கொலை கூடாது என்பது கட்டளை. தன்னைக் கொல்வதும் கொலை. செய்ததற்கு மனந்திரும்ப மூச்சு வேண்டும். மூச்சே போன பிறகு மனந்திரும்புதல் ஏது, மன்னிப்பு ஏது?

அன்று அவர் குரல் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. இப்படியும் ஒரு மனுஷனா என்று சபை வியந்தது.

அவளை வெளியே வைத்தார்கள். மணி அடிக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்கிற புறம்போக்கு.

இன்று சாரின் குரல் தடுமாறியது. தர்க்கம் தடுமாறவில்லை.

தூண்களைச் சாய்த்து, கட்டடத்தைத் தன் மேலேயே இடித்துக்கொண்டு செத்தவன் சிம்சோன். சாக வேண்டும் என்று ஜெபம் பண்ணிவிட்டே செத்தான். அவனை எபிரெயர் நிருபம் விசுவாசிகளின் வரிசையில் நிறுத்தியிருக்கிறது. வேதம் உள்ளே வைத்தவனை நாம் எப்படி வெளியே வைப்பது? கடைசி நொடியில் ஒருவன் ஆண்டவரிடம் என்ன சொன்னான் என்று நமக்கு எப்படித் தெரியும்?

நல்ல தர்க்கம்தான். எமர்ஜென்சி வருஷத்திலும் அதே வேதத்தில், அதே அதிகாரத்தில் அது அச்சாகித்தான் இருந்தது. அன்றைக்குச் சாருக்கு அது தேவைப்படவில்லை.

பொருளாளர் சகாதேவன் முதலில் கையைத் தூக்கினார். "சார் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றார். மற்றவர்களும் தூக்கினார்கள். போதகருக்குப் பெரிய பாரம் இறங்கியது. உள்ளேயே வெட்டும்படி வெட்டியான் சடையனுக்குச் சொல்லி அனுப்ப எழுந்தார்.

வாசற்படியோரம் தரையில் சாரின் மனைவி சரோஜா உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, கணவருக்குப் பின்னாலேயே நடந்து வந்தவள். காலையிலிருந்து அவள் அழவில்லை, பேசவும் இல்லை. பாவம், அதிர்ச்சி என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

இப்போது பேசினாள். சாரைப் பார்க்காமல் போதகரைப் பார்த்துச் சொன்னாள்.

"உள்ள வேணாங்க ஐயா. இவனையும் வெளியவே வெச்சிடுங்க. இவன் அக்கா அங்க தனியாத்தானே கெடக்கறா."

போதகர் திரும்பி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவரைத் தவிர அங்கே எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.