இட்லிப் பானையின் கண்ணீர்

"போன வருஷ பட்ஜெட் கூட்டத்துல எங்க இட்லிப் பானை அழுத அழுகையில, பிரின்சிபால் ரூம்ல முழங்கால் அளவு தண்ணி!" என்றார் சமுதாயக் கல்லூரியின் சமையல் துறைத் தலைவி ஜெசிந்தா.

கருவிகளே தங்களுக்கு நிதி கேட்கும் காலம்தான். ஆனாலும் வெல்டிங் துறைத் தலைவர் மாசிலாமணி நம்பவில்லை. "அளக்காதீங்க மேடம்," என்றார் வயிறு எரிய. ஜெசிந்தாவின் வகுப்புக்கு ஏசி வந்துவிட்டது. மாசிலாமணியின் கொட்டகை இன்னும் ஒழுகியது.

இந்த வருஷம் தன் வெல்டிங் மெஷினுக்குப் பொட்டு வைத்து, வசனமும் சொல்லிக்கொடுத்துக் கூட்டத்துக்குத் தள்ளிவந்தார். முதலில் பானை அழுதது. அடுத்து மெஷின் தேம்பியது: "எனக்கு ஒண்ணும் வேணாங்க. என் பங்கையும் அந்தப் பானைக்கே குடுத்துடுங்க, பாவம்!"

மாசிலாமணி பேன்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டார்.

"ஒத்துக்கிறேன் மேடம். முழங்கால் அளவுதான்."