கதவுக்குப் பின்னால் போன பெட்டி

ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற மேசைக்கு எதிரே இலவச ஆணுறைப் பெட்டி ஒன்று தொங்கியது. பக்கத்தில் எடை மிஷின். அதில் மருதையன் மூன்றாம் தடவையாக ஏறி நின்றான். கண் என்னவோ பெட்டி மேல்தான்.

“இப்ப இன்னொண்ணு உண்டானா பொண்டாட்டி உடம்பு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லியும், கை நீட்ட மாட்டேங்கிறானே” என்றது பெட்டி.

“இத்தனை பேர் பார்க்க எப்படிப்பா நீட்டுவான்? அந்தக் கூச்சத்துக்கு நானில்ல மிதிபடுறேன்” என்றது மிஷின்.

மருதையன் வெறுங்கையோடு போனான்.

மறுநாள் வெள்ளையடிக்க வந்தவர்கள் பெட்டியைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, அப்படியே மறந்துபோனார்கள்.

“இனி என்னை யார் சீந்துவா?” என்று பெட்டி அழுதது. சாயங்காலத்துக்குள் பாதி காலி.

மருதையனும் வந்தான். கதவோரம் ஒதுங்கினான். திரும்பும்போது, பழக்க தோஷம், மிஷினில் ஏறினான்.

“எவ்வளவு காட்டுது?” என்றது பெட்டி.

“நேத்தைக்கு இன்னைக்கு ரெண்டு பாக்கெட் கூட.”