நூத்திப் பதினெட்டாம் நம்பர் வில்லை

சுப்பராயனை ஐஸ் பெட்டியில் வைத்து அரை மணிகூட ஆகவில்லை. ஷாகுல் ஹமீது உள்ளே வந்தார். கூட்டாளியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வல்லரசு, நைனாவோட வில்லை எங்க கீது?"

அழுதுகொண்டிருந்த மகன் வல்லரசு தலையைத் தூக்கினான்.

வில்லை என்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் போர்ட்டர்கள் புஜத்தில் கட்டிக்கொள்ளும் பித்தளைத் தகடு. நடுவில் நம்பர் புடைத்துக்கொண்டு நிற்கும். சுப்பராயனுடையது 118. அவருடைய அப்பா கட்டியது, பிறகு அவர் கட்டியது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஓரமெல்லாம் மழுங்கிவிட்டது. "இது இல்லைனா என் கை மொட்டைக் கை" என்பார்.

அடுத்து வல்லரசு கட்ட வேண்டியது. கன்டெய்னர் யார்டில் இன்றைக்கு வேலை உண்டு, நாளைக்கு இல்லை என்று அல்லாடுகிறவன். அப்பாவின் இடத்தைக் கேட்டு மனுப் போடும்போது வில்லை கையில் இருந்தாக வேண்டும். ராயபுரத்தில் அந்தச் சந்துக்கே இது தெரியும்.

"இப்ப எதுக்கு மாமா அது?"

"வேலை கீது. வந்து சொல்றேன், நேரமில்ல."

சுவரில் ஆணியில் தொங்குவதை அவரே பார்த்துவிட்டார். தன் புஜத்திலிருந்த வில்லையை அவிழ்த்து ஜோபியில் போட்டார். 118-ஐ எடுத்துக் கட்டிக்கொண்டார். அதோடு விட்டாரா? சுப்பராயனின் வெத்தலைப் பையைப் பிரித்து, வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு என்று வாய் நிறையத் திணித்துக்கொண்டு கிளம்பினார். இத்தனை வருஷத்தில் வெத்தலையைத் தொட்டே பார்க்காத மனுஷன்.

ஒப்பாரி நின்றது. ஊர் வாய் திறந்தது.

"பொணம் வூட்ல கிடக்கு, இவனுக்கு வெத்தலை கேக்குது பாரு."

"தோஸ்து தோஸ்துன்னு ஒண்ணா சுத்தினானே. கலீஜ் புடிச்சவன்."

சித்தப்பா வெள்ளத்துரை வல்லரசின் காதருகே குனிந்தார். "அவன் தங்கச்சி பையன் அஃப்ரித் சும்மாதான கீறான். ஆபீசுல இன்னாவோ சொல்லி அவனுக்கு மாத்தி உடப் போறான். நீ குந்திகினு அழுதுகினு இரு."

வல்லரசு பைக்கை எடுத்தான்.

சென்ட்ரலில், அரக்கோணம் வண்டி வரும் பிளாட்பாரத்தில் ஷாகுல் ஹமீது நின்றிருந்தார். போன வேகத்தில் அவர் சட்டையைப் பிடித்தான்.

"அத அவுத்துக் குடு பாய்."

பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்டவன் முதல் தடவையாகப் பாய் என்றான். அவருக்கு வாய் நிறைய வெத்தலை. உதட்டில் விரலை வைத்து, உள்ளே வந்துகொண்டிருந்த வண்டியைக் காட்டினார். கண் கெஞ்சியது. வல்லரசின் பிடி தானாகத் தளர்ந்தது.

பெண்கள் பெட்டியிலிருந்து ஒரு பெண், வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு இறங்கினாள். இறங்கிய இடத்திலேயே நின்று கையை நீட்டினாள். ஷாகுல் ஹமீது ஓடிப்போய்ப் புஜத்தைக் காட்டினார். அவள் விரல்கள் பித்தளையைத் தேடிப் பிடித்தன. ஒண்ணு, ஒண்ணு, எட்டு. தடவிப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"சுப்பராயன் மாமா, இன்னிக்குக் கடைசிப் பரீட்சை. நல்லா எழுதுன்னு சொல்லுங்க."

"உம்" என்றார் ஷாகுல் ஹமீது.

"உங்களுக்கு எப்பவும் உம்தான்" என்று சிரித்தபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வல்லரசு பின்னாலேயே போனான். வாசலில் ஆட்டோவோடு காத்திருந்த தோழியிடம் அவளை ஒப்படைத்த பிறகுதான் ஷாகுல் ஹமீது குழாயடிக்கு ஓடினார். துப்பினார், கொப்பளித்தார், மறுபடி துப்பினார். சுண்ணாம்பு பட்டு வாய் வெந்திருந்தது.

"மகிழினின்னு பேரு. தினம் உன் நைனாதான் வண்டிலேர்ந்து வாசல் வரைக்கும் கூட்டினு வருவான். காலேஜி சேந்த புதுசுல எவனோ போர்ட்டர்னு சொல்லி அது கைய புடிச்சி இழுத்துகினு போயிட்டான். உன் நைனாதான் பாத்துத் தடுத்தான். அன்னிலேர்ந்து இந்த நம்பரைத் தொட்டுப் பாத்தாத்தான் அது நடக்கும்."

"வெத்தலை?"

"அவன் வாயில எப்பவும் அதானே. நான் பேசினா என் குரல் காட்டிக் குடுத்துடும். மாமா செத்துட்டாருன்னு தெரிஞ்சா இன்னிக்கி அது பரீட்சை எழுதுமா?"

அப்பா இதையெல்லாம் வீட்டில் சொன்னதே இல்லை.

ஷாகுல் ஹமீது வில்லையை அவிழ்த்து நீட்டினார். "புடி. உன்னுது. பரீட்சை முடிஞ்சி மூணு மணி வாக்குல அது இங்க திரும்பி வர்றப்ப நானே பக்குவமா சொல்லிடறேன். அதனால..." அவர் குரல் உடைந்தது. "மூணு மணிக்கு எடுக்கறப்ப தோள் குடுக்க நான் இருக்க மாட்டேன். தப்பா நெனச்சிக்காத."

வல்லரசு வில்லையை வாங்கினான். வாங்கி, அவர் புஜத்திலேயே திருப்பிக் கட்டினான்.

செல்போன் அடித்தது. சித்தப்பா.

"புடுங்கிட்டியா இல்லியா? சீக்கிரம் வாடா, மூணு மணிக்கு எடுக்கணும்."

"மூணு மணிக்கு வேணாம் சித்தப்பா. சாயந்திரம் ஷாகுல் மாமா ஒரு பொண்ணைக் கூட்டினு வருவாரு. அது வந்து நைனா கையைத் தொட்டப்புறம்தான் எடுப்போம். தினம் அதுக்காகக் காத்துகினு நின்னவருதான, இன்னிக்கும் இருப்பாரு."