மாடித் தொட்டி

“செடி எப்படி இருக்கு?” மாவுக்கட்டுக் காலோடு படுத்திருந்த மனைவி, அன்றும் கண் விழித்ததும் கேட்டாள்.

“நாலு இலை. வெட்டுக்கிளி ஒண்ணு கடிக்க வந்துச்சு, விரட்டிட்டேன்.”

மலையடிவாரத்தில் தானாக வளரும் மஞ்சள் பூப்புதரின் விதைகளை அவர் ஆசையாகப் பொறுக்கி வந்து மொட்டை மாடியில் விதைத்திருந்தார். மறுநாளே அவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். வலியில் சுருண்டு கிடந்தவளைத் தேற்ற, “முளைச்சிருச்சு” என்று ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்தான் ஒன்றரை மாதமாகத் துளிர்த்துக்கொண்டிருந்தது. தொட்டியில் ஒரு புல்கூட இல்லை.

நாளை கட்டைப் பிரிக்கிறார்கள். அவள் மெல்ல மாடி ஏறிப் பார்த்துவிட்டால்? அவர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார்.

“இங்க பாரு, கோவிச்சுக்காத. அங்க ஒண்ணுமே முளைக்கல.”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? அது ஓடு கெட்டியான விதை. உப்புத்தாள்ல தேய்ச்சு விதைக்கணும். நீங்க அப்படியே புதைச்சுட்டீங்க. தேய்ச்சுத் தரலாம்னு எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டு இறங்கறப்பதான் விழுந்தேன்.” தலையணைக்கடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

“அடிப்பாவி! அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள முளைச்சிருச்சுன்னு வந்து நின்னீங்க. சரின்னு விட்டுட்டேன்.”

“ஏன்?”

“கல்யாணமாகி முப்பது வருஷத்துல, பக்கத்துல உக்காந்து நீங்க எங்கிட்ட இவ்வளவு பேசினதே இல்லையே!”